பால்மகளும் மருமகளும்

என் கடைசி மகனுக்கு இரண்டு ராத்தாமார். அக்காவை நாங்கள் ராத்தா என்போம். ஒருத்தியை நான் பெற்றேன். மற்றவளுக்கு நான் பால் கொடுத்தேன். பெற்றவள் வாழ்க்கைப்பட்டுக் கொழும்புக்குப் போய்விட்டாள். பால் குடித்தவள் யாழ்ப்பாணத்தில் எங்கள் தெருவிலேயே, என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். காலையில் அவள் வந்து, என் தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்துப் பார்த்து, சீனி கூடிப்போச்சு என்று என்னை ஏசிவிட்டுப் போக வேண்டும். அதற்குப் பிறகுதான் எனக்குப் பொழுது விடியும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுகிறது என்று ஒரு நாள் தூக்கிக் கொடுத்த பால் இல்லை அது. யுத்தத்துக்குள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எங்களை எல்லாம் ஊரை விட்டுப் போகச் சொன்ன அந்த நாட்களில் இவளுடைய தாய்க்குக் கடும் காய்ச்சல். கொஞ்சத் தூரம் நடந்து, கொஞ்சத் தூரம் லொறியில் நின்று, நாங்கள் புத்தளத்துப் பக்கம் போய்ச் சேரும்போது அவவுக்குப் பால் வற்றிப் போயிருந்தது. என் மடியில் என் மகள் இருந்தாள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வயது. நான் கேட்கவுமில்லை, அவ கெஞ்சவுமில்லை. பிள்ளையை என்னிடம் நீட்டினா, நான் வாங்கினேன். ஓலைக் கொட்டிலில் ஒரு பக்கத்தில் ஒன்று, மறுபக்கத்தில் ஒன்று. இரண்டும் எழுந்து நடந்து, சோற்றில் கை வைக்கும் வரைக்கும் அப்படித்தான். எத்தனை தரம் கொடுத்தாய் என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் எங்கள் மார்க்கத்தில் அதைக் கேட்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு வயதுக்குள் ஒரு பிள்ளை ஒருத்தியிடம் ஐந்து தரமாவது வயிறாரக் குடித்துவிட்டால், அவள் அந்தப் பிள்ளைக்குத் தாய். மார்க்கச் சட்டத்தில் நாங்கள் ஷாபி இமாமின் வழி, ஷாபி மத்ஹபுக்காரர். எங்கள் இமாம் சொன்ன கணக்கு அது. தாய் என்றால் வாய்ப்பேச்சுக்குத் தாய் இல்லை. அவளுடைய பிள்ளைகள் எல்லாம் அந்தப் பிள்ளைக்குக் கூடப்பிறந்தவர்கள். அவர்களுக்குள் கலியாணம் கிடையாது. அவர்களுக்கு முன்னால் முக்காடும் தேவையில்லை. சொத்தில் பங்கு மட்டும்தான் வராது.

இதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு என்னை மறித்துவிட்டார்கள். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருப் பெண்கள் பின்னேரத்து அஸர் தொழுத பிறகு ஒரு வீட்டில் கூடுவார்கள். அரபு எழுத்தில் எழுதிய தமிழ்க் கிதாபு ஒன்றை ஒருவர் ஓத, மற்றவர்கள் பாய் இழைத்துக்கொண்டோ அரிசி புடைத்துக்கொண்டோ கேட்பார்கள். தொழ முதல் எந்தத் தண்ணீரில் கைகால் கழுவி ஒளுச் செய்யலாம், நோன்பு எதனால் முறியும், ஈமான் என்றால் எதையெல்லாம் நம்புவது, பொறாமையை மனதிலிருந்து எப்படிக் கழுவுவது, எல்லாம் எனக்குக் காதால் வந்தவை. பால்குடிச் சட்டமும் அப்படி வந்ததுதான். அதனால் கொட்டிலில் அந்தப் பிள்ளையை வாங்கியபோதே எனக்குத் தெரியும், நான் ஒரு மகளை வாங்குகிறேன் என்று.

நாங்கள் திரும்பி ஊருக்கு வந்து வீட்டைத் திருத்திக் குடியேறிய பிறகு அவளும் மாப்பிள்ளையோடு இங்கேயே வந்தாள். என் மகன் நெல்லியடியில் துணிக்கடை வைத்திருக்கிறான். அங்கிருந்து திரும்பினால் நேரே அவள் வீட்டுக் குசினிக்குத்தான் போவான். வாசலில் நின்று செருமுவதெல்லாம் இல்லை. அவள் வெறுந்தலையோடு அடுப்படியில் நிற்பாள், கறிச்சட்டியில் விரல் வைத்தவனுக்கு அகப்பையால் ஒன்று போடுவாள். தெருவுக்குப் புதிதாக வந்த சனம் இதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து மெல்லக் கேட்கும். நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன்.

அவளுடைய தாய் பிறகு இன்னொரு பெண்ணையும் பெற்றுத் தந்துவிட்டு, அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகிற வயதில் மௌத்தாகிவிட்டா. தகப்பனும் போய்விட்டார். வாப்பாவின் தம்பி, அவர்களுக்குச் சாச்சா, புத்தளத்தில் வைத்து வளர்த்தார். நல்ல மனிதர். அந்தத் தங்கச்சியைப் படிப்பித்து டீச்சராக்கினார். அவளைத்தான் என் பால்மகள் என் மகனுக்குப் பேசினாள். தங்கச்சி பக்கத்தில் வந்து இருக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு. என் மகன் ஒருதரம் பார்த்தான். பிறகு கடையில் துணியைத் தப்பாக வெட்டுகிறான் என்று வேலைப் பெடியள் சொன்னார்கள். எனக்கு அது போதும்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ் என்று பேசி முடிக்கச் சாச்சா புத்தளத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். பெண்ணைக் கட்டிக் கொடுக்க உரிமையுள்ள ஆளை வலி என்போம், இவளுக்கு அவர்தான். அவர் கை பிடித்துக் கொடுக்காமல் நிக்காஹ் இல்லை. நான் வட்டிலப்பம் அவித்து வைத்திருந்தேன். அவர் கரண்டியை வாயில் வைத்த நேரம் என் பால்மகள் பின்பக்கத்தால் வந்தாள். முக்காடு தோளில் கிடந்தது. என் மகனைக் கண்டதும், வெங்காயம் வாங்கி வரச் சொன்னது எங்கே என்று பேப்பரைச் சுருட்டித் தலையில் தட்டினாள்.

சாச்சா கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டார். இது என்ன பழக்கம் என்று கேட்டார். அவர் அந்த நாட்களில் வெளிநாட்டில் வேலைக்கு நின்றவர், கொட்டிலில் நடந்தது அவருக்குச் சரியாகத் தெரியாது. நான் சந்தோஷமாக முழுவதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்தது.

"அப்ப மூத்தவள் இவனுக்குக் கூடப்பிறந்தவள்."

"ஓம்."

"அவளோடை ஒரு வயித்திலை பிறந்தவள் மட்டும் இவனுக்கு என்னெண்டு பொண்டாட்டியாகலாம்?"

அவர் சொன்னது சரி போலத்தான் இருந்தது. சகோதரிக்குச் சகோதரி, சகோதரிதானே. அந்தப் பழைய கிதாபில் இந்த இடத்துக்கு என்ன ஓதினார்கள் என்று மனதைத் தோண்டிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. என் மகன் எழுந்து வெளியே போய் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றான். அது காலையில்தான் கழுவிய சைக்கிள்.

கதை தெருவுக்குப் போக எவ்வளவு நேரம் பிடிக்கும். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கலியாணம் ஹராம் என்றார் ஒருவர். தொலைபேசியில் யாரோ ஆலிமின் மார்க்கப் பேச்சு, பயான் ஒன்று கேட்டதாகவும் அதில் பால்குடிக் குடும்பத்தோடு சம்பந்தமே கூடாது என்று சொன்னதாகவும் இன்னொருவர் சொன்னார். வட்டுக்கோட்டைப் பக்கமிருந்து எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவரும் சைவப் பெண் ஒருத்தி இருக்கிறாள், வாய்க்காரி. அவளிடமும் யாரோ சொல்லிவிட்டார்கள். போத்தலை நீட்டிக்கொண்டே கேட்டாள்:

"அக்கா, நான் உந்தத் தெரு முழுக்கப் பால் ஊத்திறன். அப்ப எனக்கு எத்தினை பிள்ளையள்?"

அந்தக் கவலையிலும் நான் சிரித்துவிட்டேன்.

அடுத்த நாள் சாச்சா சாந்தமாக வந்தார். அவரும் நித்திரை கொள்ளவில்லை என்று முகத்தில் தெரிந்தது. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மனம் ஒத்துவிட்டது, உடைக்க அவருக்கும் விருப்பமில்லை. ஒரு வழி யோசித்திருப்பதாகச் சொன்னார். அந்தக் கலவரத்தில் யார் எண்ணினார்கள், ஐந்துக்குக் குறைவாகத்தான் கொடுத்தேன் என்று நான் மௌலவியிடம் சொல்லிவிட்டால் பால்குடி உறவே இல்லாமல் போய்விடும், பிறகு கலியாணத்துக்கு ஒரு தடையும் இல்லை என்றார். மூத்தவள் இனிமேல் என் மகனுக்கு முன்னால் முக்காடு போட வேண்டிவரும், அவ்வளவுதானே என்றார்.

என் பால்மகள் கதவு நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தோளில் கிடந்த முக்காட்டை எடுத்துத் தலையில் போட்டு, காது மறைய இழுத்துச் செருகினாள். பிறகு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று பின்னேரம் என் மகன் வழக்கம் போல அவள் குசினிக்குள் போனபோது, அவள் சாப்பாட்டைத் தட்டில் போட்டு முன் விறாந்தையில் வைத்துவிட்டு உள்ளே போனாளாம். அவன் அதைச் சாப்பிடாமல் என்னிடம் வந்து, கலியாணம் வேண்டாம் உம்மா என்றான்.

அவள் தன் தங்கச்சிக்காக என்னையே விட்டுவிடத் துணிந்துவிட்டாள். அவன் தன் ராத்தாவுக்காகப் பெண்ணை விடத் துணிந்துவிட்டான். இரண்டு பேருக்கும் பால் கொடுத்தவள் நான். எனக்கு அழுகை வரவில்லை, வீறு வந்தது. சாச்சா தங்கியிருந்த வீட்டுக்கு நானே போனேன். முற்றத்தில் நின்றபடி, பத்துப் பேருக்குக் கேட்கத்தான் சொன்னேன்.

"தம்பி, நான் குடுத்த பாலைக் குறைச்சுச் சொல்ல மாட்டன். எனக்கு மகளும் வேணும், மருமகளும் வேணும். ரெண்டிலை ஒண்டை விடு எண்டு அல்லாஹ் சொல்லியிருந்தால் விடுறன். நீங்கள் சொல்லி விட மாட்டன்."

நேரே பள்ளிவாசல் மௌலவியிடம் போனோம். நடுத்தர வயதுக்காரர், பொறுமைசாலி. சாச்சா சொல்லத் தொடங்க, அவர் கை காட்டி மறித்து, பால் கொடுத்தவர் சொல்லட்டும் என்றார். நான் சொன்னேன். கேட்டு முடித்து, எனக்கு ஒரு நினைவு இருக்கிறது, ஆனால் கலியாணக் காரியத்தில் நினைவை நம்பிச் சொல்ல மாட்டேன், கிதாபைப் பார்த்து, எனக்கு ஓதித் தந்த உஸ்தாதோடும் கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். உறவு முதலில் சாட்சியோடு உறுதியாக வேண்டும் என்றும் சொன்னார். ஆண்கள் பார்க்க முடியாத காரியங்களில் பெண்களின் சாட்சி மட்டுமே போதும், நாலு பெண்கள் வந்து சொன்னால் எங்கள் மத்ஹபில் அது நிற்கும் என்றார். சாச்சா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முகத்தை மாற்றாமல் இருந்தேன். உள்ளுக்குள் எவ்வளவு பெருமை என்று எனக்குத்தான் தெரியும். கையெழுத்துக்கு நான் எழுத்துக்கூட்டி நேரம் எடுக்கிறவள். என் வாய்ச்சொல்லுக்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே இமாம்கள் கிதாபில் இடம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

என்னோடு நாலு வேண்டும். கொட்டிலில் ஒன்றாக இருந்தவர்களில் இரண்டு பேர் உடனே வந்தார்கள். மூன்றாவது ஆள்தான் சிக்கல். அவவின் கோழிகள் என் கீரைப்பாத்தியைக் கிளறிய நாளிலிருந்து நாங்கள் முகம் பார்ப்பதில்லை. ஆனால் கொட்டிலில் எனக்கு அடுத்த பாய் அவவுடையது. நான் போய்ப் படலையில் நின்றேன். வந்த விஷயத்தைச் சொன்னேன். அவ உள்ளே போய் நல்ல சீலை உடுத்திக்கொண்டு வந்தா.

மௌலவி குறித்துத் தந்த நாளில் நாலு பேரும் ஒரு ஓட்டோவில் ஏறினோம். இரண்டு பேருக்கு முழங்கால் மடியாது, ஒருவருக்குக் காது கேளாது. ஓட்டோக்காரன் சந்தி திரும்பும்போதெல்லாம் கோழிக்காரி என் மேல்தான் சரிந்தா. பிறகு நிமிர்ந்து மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டா.

மௌலவி வீட்டு விறாந்தையில் எங்களை இருத்தினார்கள். என் மகனும் சாச்சாவும் ஒரு பக்கம் இருந்தார்கள். மௌலவி ஒவ்வொருவராகத்தான் கேட்டார். கண்ணால் பார்த்ததா, பிறர் சொல்லிக் கேட்டதா. பிள்ளைக்கு அப்போது என்ன வயது. குடித்துத் தானாக வாய் எடுத்ததா, யாரும் இழுத்து எடுத்ததா. காது கேளாதவவிடம் அவர் சத்தம் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. அவவும் சத்தம் போட்டே பதில் சொன்னா, அடுத்த தெருவுக்கும் சாட்சி போய்ச் சேர்ந்திருக்கும். கோழிக்காரியின் முறை வந்தது. அவ என்னைப் பார்க்காமல் மௌலவியைப் பார்த்துச் சொன்னா:

"உவவிலை எனக்குக் கோவம் இருக்கு மௌலவி, அதை மறைக்க மாட்டன். ஆனால் அந்தப் பிள்ளை உவவின்ரை மடியிலைதான் வளந்தது. பகலும் பாத்தனான், ராவும் பாத்தனான். அஞ்சோ? அஞ்செல்லாம் முதல் நாளே முடிஞ்சுது."

மௌலவி தலையை ஆட்டினார். மூத்தவள் எனக்கு மகள்தான், அதில் இனி ஒருவரும் கை வைக்க முடியாது என்றார். சாச்சா பெருமூச்சு விட்டார். என் மகன் குனிந்துகொண்டான். அவர்களுக்குக் கலியாணம் முடிந்த கதை என்று பட்டிருக்கும்.

மௌலவி இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். அந்தத் தங்கச்சிக்கு நான் எப்போதாவது பால் கொடுத்தேனா என்றார். அவள் பிறந்த காலத்தில் என் மகன் ஓடித் திரிந்தவன், எனக்குப் பால் நின்று பல காலம் என்றேன். சரி, அவர்களுடைய தாய் என் மகனுக்குக் கொடுத்ததுண்டா என்றார். இவன் பிறந்தபோது அவர்கள் நீர்கொழும்பில் இருந்தார்கள், திரும்பி வரும்போது இவன் பால் மறந்துவிட்டான் என்றேன். அதுவும் போதாமல், என் பிள்ளை இன்னொருத்தியிடம் வாய் வைத்ததில்லை, புட்டிப்பால்கூட நான் கொடுக்க விடவில்லை என்றும் சொல்லி வைத்தேன்.

அப்போதுதான் மௌலவி தன் பக்கத்தில் இருந்த கிதாபை விரித்தார். முதலில் அரபியில் ஓதினார். பிறகு தமிழில் சொன்னார்.

"குடிச்ச பிள்ளை உங்கடை வீட்டுக்குள்ளை வந்திட்டா, உம்மா. அவவுக்குப் பிறக்கிற பிள்ளையளும் அவவோடை வந்திடுவினம். ஆனால் அவவோடை பிறந்தவை வாசலுக்கு வெளியிலைதான். அவை உங்கடை பாலைக் குடிக்கேல்லை. அவையளுக்கு நீங்கள் அயல்வீட்டுப் பொம்பிளை. உங்கடை மகனுக்கு அந்தத் தங்கச்சி அந்நியப் பெண். நிக்காஹ் தாராளமாச் செய்யலாம்."

தன் உஸ்தாதும் இதையேதான் சொன்னார் என்றார்.

காது கேளாதவ என்னவாம் என்னவாம் என்று என் கையைச் சுரண்டினா.

சாச்சா லேசில் விடுகிற ஆள் இல்லை. அவருக்குப் பாவத்தைப் பற்றிய பயம், அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். சட்டம் இடம் கொடுத்தாலும், பேணுதலுக்காக விட்டுவிடுவது நல்லதில்லையா என்று கேட்டார். அதற்கு மௌலவி சொன்னதை நான் அன்றைக்கே மனதில் எழுதிக்கொண்டேன். பேணுதல் என்பது பெரியவர்கள் நடந்த பாதை, சந்தேகமானதைக் கண்டால் விலகி நிற்பது என்றார். இங்கே சந்தேகம் எங்கே என்று கேட்டார். குடித்தது யார் என்று தெரியும், குடிக்காதது யார் என்றும் தெரியும். தெளிவாக இருப்பதைக் கலக்கி அதில் பயத்தைத் தேடுவதற்குப் பேர் பேணுதல் இல்லை, ஊசலாட்டம், அது ஷைத்தானுடைய வேலை என்றார். "அல்லாஹ் திறந்து வைச்ச கதவைப் பூட்டுறதும் அவனுக்கு முன்னாலை முந்திக்கொள்ளுறதுதான்" என்று முடித்தார்.

சாச்சா அந்த அரபியை இன்னொரு முறை ஓதச் சொல்லிக் கேட்டார். இரண்டாம் முறை ஓதும்போது அவருக்குக் கண் கலங்கியது. எழுந்து போய் என் மகனைக் கட்டிப் பிடித்தார்.

கிளம்பும்போது நான் சும்மா இருக்கவில்லை. பால்காரி கேட்டதை மௌலவியிடம் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, அதற்கும் கிதாபில் இருக்கிறது என்றார். ஒரே ஆட்டின் பாலை இரண்டு பிள்ளைகள் குடித்தால் அவர்கள் சகோதரர் ஆக மாட்டார்கள் என்று இமாம்கள் எழுதி வைத்திருக்கிறார்களாம். அடுத்த நாள் காலை அதைப் பால்காரிக்குச் சொன்னேன். நல்லதாய்ப் போச்சு, இல்லையென்றால் உங்கள் எல்லாருக்கும் நான் சீதனம் கொடுக்க வேண்டி வந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாட்சி சொன்ன அன்று ஓட்டோவால் இறங்கி நான் என் வீட்டுக்குப் போகவில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு நேரே அவள் குசினிக்குப் போனேன். அவனைக் கண்டதும் அவள் முக்காட்டை இழுத்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"எடு மகள் அதை" என்றேன். "நாலு பொம்பிளையள் சாட்சி சொல்லி உன்னை எனக்குத் தந்திருக்கு. தங்கச்சியையும் தந்தாச்சு."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. நான் முழுவதையும் சொன்னேன், மௌலவி சொன்ன வாசலையும் சொன்னேன். அவள் அப்படியே அடுப்புக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டாள். முக்காடு தானாக வழுகித் தோளில் விழுந்தது. என் மகன் அந்தச் சந்தடியில் சட்டியைத் திறந்து ஒரு மீன் பொரியலை எடுத்துவிட்டான். அவள் அழுதுகொண்டே அகப்பையைத் தேடினாள்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ் நடந்தது. சாச்சா கை பிடித்துக் கொடுத்தார். கோழிக்காரி தன் கோழிகளில் இரண்டை அறுத்து அனுப்பினா. நான் அதை முழுமனதோடு சமைத்தேன்.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை பெண்ணின் கழுத்தில் தங்க மாலையை வைத்துப் பிடிக்க, பின்னால் கொளுக்கியைப் பூட்டுவது மாப்பிள்ளையின் சகோதரி. பெற்ற மகள் கொழும்பிலிருந்து வந்திருந்தாள். அவள் விலகி நின்று மற்றவளை முன்னால் தள்ளினாள். பெண்ணின் ராத்தா இதைப் பூட்டலாமா என்று புத்தளத்திலிருந்து வந்த பெண்களுக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவர்களுக்குப் பதில் சொன்னது நான் இல்லை, சாச்சா. அறை வாசலில் நின்று அவர்களைப் பார்த்துச் சொன்னார்: "அவ மாப்பிளையின்ரை கூடப்பிறந்தவ. கிதாபிலை இருக்கு." என் பால்மகள் தன் தங்கச்சியின் முடியை ஒதுக்கிக் கொளுக்கியைப் பூட்டினாள். மூன்று தரம் தவறித்தான் பூட்டுப்பட்டது.

பிறகு படம் எடுக்க வந்த பெடியன் குழம்பிப்போனான். பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம் நிற்கச் சொன்னான். இவளை அந்தப் பக்கம் போகச் சொல்லிக் கை காட்டினான். நான் அவள் கையை விடவில்லை. முதலில் எங்களோடு எடு, பிறகு அவள் அங்கேயும் வருவாள் என்றேன். அவனும் எடுத்தான்.

ஆல்பம் இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுப் படத்திலும் அவள் நிற்கிறாள், பெண் வீட்டுப் படத்திலும் அவள் நிற்கிறாள். என் மருமகள் மெலிந்தவள், ஒதுங்கி நிற்கிறவள். இவள் எந்தப் படத்திலும் நடுவில் வந்து தோளை விரித்து நிற்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் நான் தேத்தண்ணிக்கு முதல் அந்த ஆல்பத்தைத்தான் எடுத்துக் கொடுப்பேன். இது யார் என்று கேட்பார்கள். கேட்கட்டும் என்றுதான் கொடுக்கிறேன்.